தகட்டுக்குள் ஓடும் வண்டிகள்

நாளைக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பின்பக்கம் குனிந்து நம்பர் பிளேட்டை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால், இடது பக்க மேல் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்னச் சதுரம் மின்னும். தலையைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் சாய்த்தால் அதற்குள் நீல நிறத்தில் ஒரு சக்கரம் தெரியும். அசோகச் சக்கரம், 24 ஆரங்கள். வேளச்சேரி சிக்னலில் தினமும் பத்து நிமிடம் முன்வண்டியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம். அந்தச் சக்கரம் மட்டும் கண்ணில் படுவதில்லை.

நம்பர் பிளேட்டில் படம் என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது அபராதம்தான். தலைவர் படம், நடிகர் படம், கட்சிக் கொடி எதை ஒட்டினாலும் போலீஸ் நிறுத்தும். ஆனால் உலகத்தில் சில இடங்களில் அரசாங்கமே தகட்டில் படம் அச்சடித்துக் கொடுக்கிறது. மலை, பூ, பறவை, மீன் என்று பல வகை உண்டு. அதில் எனக்கு மிகவும் பிடித்த வகை, ஒரு வண்டியின் தகட்டில் இன்னொரு வண்டி இருப்பது. காரின் முதுகில் விமானம், லாரியின் முதுகில் பாய்மரக் கப்பல், வேனின் முதுகில் விண்வெளி ஓடம். அது ஏன் வந்தது, எப்படி அச்சாகிறது, நம்மிடம் ஏன் கிட்டத்தட்ட இல்லை என்பதை, இந்த விஷயத்தைப் புதிதாகக் கேட்பவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

இதை எழுதும்போது என் மேசை மேல் ஒரு பழைய தகடு இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தகடு. அங்கே வேலை பார்த்த நண்பர் ஒருவர், பழைய பொருள் விற்கும் கடையில் பார்த்து எனக்காக வாங்கி வந்தார். ஓரங்களில் கீறல், திருகாணித் துளையைச் சுற்றித் துரு. நடுவில் எண்கள் மேடாக எழும்பி நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் மங்கலான வெளிர் நீலத்தில் ஒரு விமானம். இரட்டை இறக்கை, நூல் நூலாகக் கம்பிகள். மேலே ‘பறப்பதில் முதலிடம்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம். இந்தத் தகட்டை நான் வாங்கி வைத்ததற்குக் காரணம் அந்த விமானம்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

தகட்டுக்கு இரண்டு வேலை

1893-ல் பாரிஸ் நகரக் காவல்துறை மோட்டார் வண்டிகளுக்குத் தகடு கட்டாயம் என்றது. அமெரிக்காவில் 1901-ல் நியூயார்க் மாநிலம், வண்டிக்காரர் தன் பெயரின் முதலெழுத்துகளை வண்டியில் தாமே எழுதிக்கொள்ள வேண்டும் என்றது. தோலில் எழுதியவர்களும் உண்டு, மரப்பலகையில் எழுதியவர்களும் உண்டு. 1903-ல் மாசசூசெட்ஸ் மாநிலம்தான் அரசாங்கமே தகடு செய்து கொடுக்கும் வழக்கத்தை அங்கே தொடங்கியது. அந்தக் காலத்தில் தகட்டுக்கு ஒரே வேலைதான், இது யாருடைய வண்டி என்று சொல்வது.

கொஞ்ச நாளிலேயே இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஊர் முழுக்க ஓடுகிற ஒரு தகரத் துண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் பின்னால் நிற்பவர் வேறு வழியில்லாமல் படிக்கிற ஒரு பலகை. அதில் எங்கள் மாநிலம் எது, எதற்குப் பேர் போனது என்று சொன்னால் என்ன? 1928-ல் ஐடஹோ மாநிலம் தகட்டில் பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைப் போட்டது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் ஒரு மீனைப் போட்டது. 1936-ல் வயோமிங் மாநிலத் தகட்டில் துள்ளிக் குதிக்கும் குதிரையும் அதன் மேல் ஒரு ஆளும் வந்தார்கள். அந்தக் குதிரை இன்றுவரை அந்தத் தகட்டை விட்டு இறங்கவில்லை. என்னைக் கேட்டால் வண்டித் தகட்டில் வந்த வண்டிப் படங்களில் அதையும் சேர்ப்பேன். மோட்டார் வருவதற்கு முன் அந்த மாநிலத்தின் வண்டி குதிரைதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூவும் பறவையும் ஒரு ஊரில் என்ன இருக்கிறது என்று சொல்கின்றன. வண்டியின் படம், அந்த ஊர் எப்படி நகர்ந்தது, எதில் ஏறி இன்றைய நிலைக்கு வந்தது என்று சொல்கிறது. ஓரிகன் மாநிலம் ஒரு காலத்தில் தன் தகட்டில் துணிக்கூரை போட்ட மாட்டு வண்டியைப் போட்டது. 19-ஆம் நூற்றாண்டில் குடும்பம் குடும்பமாக மேற்கு நோக்கி மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனவர்களின் வண்டி அது. இப்போது அந்த மாநிலத்தில் வாழ்கிற பலருக்கு அது தாத்தாவின் தாத்தா வந்த வண்டி. அவர்கள் போன வழியில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பூர்வகுடிகளுக்கு அதே படம் வேறொன்றைச் சொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு விமானம், இரண்டு சொந்தக்காரர்கள்

இனி என் மேசை மேல் இருக்கும் விமானத்துக்கு வருவோம்.

ரைட் சகோதரர்கள் ஒஹாயோ மாநிலத்தின் டேடன் நகரத்துக்காரர்கள். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். விமானத்தை யோசித்ததும் செய்ததும் அந்த ஊரில்தான். ஆனால் பறக்கவிட நல்ல காற்று வேண்டும், விழுந்தால் அடிபடாத மணல் வேண்டும். அதனால் பெட்டி பெட்டியாகக் கட்டி எடுத்துக்கொண்டு வட கரோலினாவின் கிட்டி ஹாக் கடற்கரைக்குப் போனார்கள். 1903 டிசம்பர் 17 அன்று தம்பி ஆர்வில் முதலில் பறந்தார். 12 விநாடி, 120 அடி. நம் எம்.டி.சி. பஸ் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். அன்றைக்கே நான்காவது முறை அண்ணன் வில்பர் 59 விநாடி பறந்து 852 அடி போனார்.

அப்படியானால் இந்தப் பெருமை யாருக்கு? செய்த ஊருக்கா, பறந்த ஊருக்கா? வட கரோலினா 1982-ல் விமானத்தைத் தன் தகட்டில் போட்டு ‘பறப்பதில் முதலிடம்’ என்று எழுதிவிட்டது. ஒஹாயோவோ ‘விமானம் பிறந்த இடம்’ என்று தன் தகட்டில் எழுதிக்கொண்டது. திருநெல்வேலி அல்வாவுக்கு எந்தக் கடை முதல் கடை என்று நம் ஊரில் நடக்கும் வழக்கைப் போன்றது இது. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது, அதனாலேயே முடிவும் வருவதில்லை.

2021 அக்டோபரில் ஒஹாயோ புதிய தகடு ஒன்றை அறிமுகப்படுத்தியது. சூரிய உதயம், வயல், ஆறு, ஊஞ்சலாடும் குழந்தை, மேலே ரைட் சகோதரர்களின் விமானம். ‘விமானம் பிறந்த இடம்’ என்று எழுதிய நீளத் துணியை விமானம் இழுத்துக்கொண்டு போவதுபோல வரைந்திருந்தார்கள். வெளியிட்ட உடனேயே பார்த்தவர்கள் பிடித்துவிட்டார்கள். துணி விமானத்தின் பின்பக்கத்தில் இல்லை, முன்பக்கத்தில் கட்டியிருந்தது. ஏறக்குறைய 35,000 தகடுகள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, துணியைச் சரியான முனைக்கு மாற்றித் திருத்திய படத்தை வெளியிட்டார்கள்.

வரைந்தவர் கவனக்குறைவானவர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் தகட்டைக் கையில் எடுத்து ஒரு குழந்தையிடம் காட்டி, இதில் முன்பக்கம் எது என்று கேட்டுப் பார்த்தேன். குழந்தையும் தவறாகத்தான் சொன்னது. காரணம் அந்த விமானத்தின் வடிவத்தில் இருக்கிறது. இன்றைய விமானத்தில் மேலும் கீழும் திருப்புகிற சின்ன இறக்கை வாலில் இருக்கிறது. ரைட் சகோதரர்கள் அதை மூக்கில் வைத்தார்கள். இன்று இறக்கையிலோ மூக்கிலோ பார்த்துப் பழகிய காற்றாடி விசிறிகள் அதில் பெரிய இறக்கைக்குப் பின்னால் இருந்து தள்ளின. ஆக, இன்றைய விமானங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் தலை வால்போலத் தெரியும். பல பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த படத்தில் அந்தத் தவறு நின்றுபோனதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

ஓர் ஊர் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் வண்டியைத் தகட்டில் போட வேண்டுமானால், அந்த வண்டி எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தகட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் தகடு

மேலே சொன்னவை எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் தகடுகள். இன்னொரு வகை உண்டு. வண்டிக்காரர் விருப்பப்பட்டு, வழக்கமான கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி வாங்குவது. அந்தக் கூடுதல் தொகையில் ஒரு பங்கு ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் போகும். பென்சில்வேனியாவில் நீராவி ரயில் எஞ்சின் போட்ட தகடு இந்த வகை. மாநிலத்தின் பழைய பாரம்பரியத்தைக் காக்க அந்தப் பணம் உதவுகிறது.

இந்த வகையில் என் மனதைத் தொட்டது ஃபுளோரிடா தகடு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடியில் வெடித்துச் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். மறு ஆண்டே ஃபுளோரிடா அந்த ஓடத்தின் படம் போட்ட சிறப்புத் தகட்டைக் கொண்டுவந்தது. மக்கள் வாங்கிய ஒவ்வொரு தகட்டின் கூடுதல் பணமும் சேர்ந்து, கென்னடி விண்வெளி மையத்தில் பளபளக்கும் கறுப்புக் கருங்கல்லில் ஒரு நினைவுச் சுவர் எழுந்தது. இறந்த விண்வெளி வீரர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. 2003-ல் கொலம்பியா ஓடம் சிதைந்த பிறகு அந்த ஏழு பேரின் பெயர்களும் சேர்ந்தன. கல்பனா சாவ்லாவின் பெயரும் அங்கே இருக்கிறது. பின்னர் தகட்டிலும் கொலம்பியா இடம்பெற்றது. யாரோ ஒருவர் கடைக்குப் பால் வாங்கப் போகிற காரில் இருக்கும் தகரத்துக்கும் கர்னாலில் பிறந்த ஒரு பெண்ணின் பெயருக்கும் இப்படி ஒரு தொடர்பு.

ஜப்பானிலும் 2018 அக்டோபரிலிருந்து வட்டாரப் படம் போட்ட தகடுகள் கிடைக்கின்றன. ஆயிரம் யென்னுக்குக் குறையாமல் நன்கொடை கொடுத்தால் வண்ணப் படம், கொடுக்காவிட்டால் அதே படம் கறுப்பு வெள்ளையில். அந்த நன்கொடை அந்த வட்டாரத்துப் போக்குவரத்தையும் சுற்றுலாவையும் மேம்படுத்தப் போகிறது. நல்ல ஏற்பாடு.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத் தகட்டில் இருப்பது புளூநோஸ் என்ற பாய்மரக் கப்பல். 1921-ல் லூனன்பர்க் ஊரில் கட்டி நீரில் இறக்கினார்கள். மீன் பிடிக்கும் கப்பல்தான். ஆனால் பந்தயம் என்று வந்தால் மற்றவற்றை முந்திவிடும். 1937 முதல் கனடாவின் பத்து சென்ட் காசிலும் இந்த மாதிரிக் கப்பல் இருக்கிறது. உண்மையான கப்பல் 1946-ல் ஹெயிட்டி அருகே பவளப்பாறையில் மோதி மூழ்கிவிட்டது. தகட்டிலும் காசிலும் மட்டும் மிதந்துகொண்டே இருக்கிறது.

காசு என்றதும் நம்முடையதும் நினைவுக்கு வருகிறது. பழைய ஐந்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் டிராக்டர் ஓட்டும் விவசாயி. அதற்கும் முந்தைய பத்து ரூபாய் நோட்டில் பாய்மரப் படகு. இருபது ரூபாயில் கொனார்க் தேர்ச் சக்கரம். நாமும் வண்டியைப் படமாக்கிப் பெருமைப்பட்டவர்கள்தான், அதைத் தகட்டில் செய்யவில்லை, அவ்வளவுதான்.

சொல்லாமல் விடக்கூடாத ஒரு வண்டி

விமானம், கப்பல், ரயில் என்று பேசும்போது பலரும் மறந்துவிடும் ஒரு வண்டி இருக்கிறது. சக்கர நாற்காலி. மாற்றுத்திறனாளிகளின் வண்டிகளுக்கு அமெரிக்க மாநிலங்கள் கொடுக்கும் தகடுகளில் அந்த நாற்காலிச் சின்னம் இருக்கும்.

இந்தச் சின்னத்தை 1968-ல் வரைந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சுசான் கோஃபோட் என்ற மாணவி. அவர் வரைந்தபோது அதில் நாற்காலி மட்டும்தான் இருந்தது, ஆள் இல்லை. பிறகு கார்ல் மொன்டான் என்பவர் மேலே ஒரு சின்ன வட்டத்தைச் சேர்த்தார். அந்த ஒரு வட்டம் தலையாகிவிட்டது. நாற்காலியின் சாய்வுக்கோடு முதுகாகிவிட்டது. வெறும் நாற்காலி, உட்கார்ந்திருக்கும் மனிதராகிவிட்டது. ஒரு படம் தூரத்திலிருந்து படிக்கப்பட எவ்வளவு குறைவாக இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நம் ஊர் மால்களின் வண்டி நிறுத்தும் தளத்தில் நீலத் தரையில் இருப்பதும் இதே சின்னம்தான். அந்த இடத்தில் அவசரத்துக்கு வண்டியை விட்டுப் போகிறவர்கள் இன்னொரு முறை அதைப் பார்க்க வேண்டும்.

எப்படி அச்சாகிறது, ஏன் மங்கலாக இருக்கிறது

முதலில் அலுமினியத் தகடு. அதன் மேல் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம். நம் ஊர் ஸ்டிக்கர் கடைகளில் ‘ரேடியம்’ என்கிறோமே, அந்த இனம். உண்மையில் அதில் ரேடியம் கிடையாது. நூறு ஆண்டுக்கு முன்னால் கைக்கடிகார முள்ளில் இருட்டில் ஒளிரும் பூச்சுக்கு ரேடியத்தைப் பயன்படுத்தினார்கள். ஒளிர்வதெல்லாம் ரேடியம் என்று பேச்சில் நின்றுவிட்டது. இந்தப் படலத்தில் இருப்பது மிகச் சிறிய கண்ணாடி மணிகள் அல்லது பட்டக வடிவங்கள். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வருகிறதோ அந்தத் திசைக்கே அதைத் திருப்பி அனுப்புவது அவற்றின் குணம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவில் பார்க்கிங்கில் விளக்கை அணைத்துவிட்டு, பத்து அடி தள்ளி நின்று, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் தகட்டின் மேல் அடியுங்கள். பளீரென்று எரியும். இப்போது நின்ற இடத்திலேயே நின்று, கையை மட்டும் பக்கவாட்டில் முழுக்க நீட்டி அதே தகட்டின் மேல் அடியுங்கள். மங்கிவிடும். வெளிச்சம் டார்ச்சுக்குத்தான் திரும்பிப் போகிறது, உங்கள் கண்ணுக்கு வரவில்லை. பின்னால் வரும் காரின் முகப்பு விளக்கும் அதை ஓட்டுபவரின் கண்ணும் ஏறக்குறைய ஒரே திசையில் இருப்பதால் அவருக்குத் தகடு தெளிவாகத் தெரிகிறது. எண்ணைப் படிக்கும் கேமராக்களும் இதையே பயன்படுத்திக்கொள்கின்றன. லென்சுக்குப் பக்கத்திலேயே நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தகட்டின் மேல் அடிக்கின்றன.

இப்போது படத்தை யோசியுங்கள். வெள்ளைப் பின்னணியில் அடர் எண் என்ற வேறுபாட்டை வைத்துத்தான் கண்ணும் கேமராவும் எழுத்தைப் பிரிக்கின்றன. பின்னால் கறுப்பு நிறத்தில் ரயில் எஞ்சினை வரைந்தால், எஞ்சினின் சக்கரம் எது, எட்டு எது என்று குழம்பிவிடும். அதனால் படத்தை வெளிறிய நிறத்தில், நுண்ணிய கோடுகளாக அச்சிட்டுவிட்டு, அதற்குப் பிறகே அச்சு அழுத்தி எண்ணை எழுப்பி, மேட்டுப் பகுதிக்கு மட்டும் அடர் நிறம் கொடுப்பார்கள். இல்லையென்றால் படத்தை ஓரத்துக்குத் தள்ளி, எண்ணுக்கு நடுவை விட்டுவிடுவார்கள். என் தகட்டில் இருக்கும் விமானம் அவ்வளவு மங்கலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வெயிலில் வெளுத்தது என்று நான் முதலில் நினைத்தேன். பிறந்ததே அப்படித்தான்.

வண்டிப் படத்துக்குத் தனியாக இன்னொரு விதியும் உண்டு. பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்தே வரைய வேண்டும். ரயில் எஞ்சினை நேருக்கு நேர் வரைந்தால் தூரத்திலிருந்து அது ஒரு வட்டம். பக்கவாட்டில் வரைந்தால் புகைபோக்கி, சக்கர வரிசை எல்லாம் நிழலுருவிலேயே தெரிந்துவிடும்.

நம் தகடு என்ன சொல்கிறது

நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்தான் தகட்டை ஆள்கின்றன. கார் எண்ணுக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 10, இடைவெளி 10 என்ற அளவுக்கு எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்தும் வழக்கமான எண்ணும் மட்டுமே. படத்துக்கும் பெயருக்கும் இடமே இல்லை. விதி மீறிய தகட்டுக்கு முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறை 1,500 ரூபாய் வரை அபராதம். 2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, பத்திரிகை, போலீஸ், வக்கீல் என்று வண்டியில் ஒட்டித் திரிபவர்கள் மேல் தனியாக நடவடிக்கை எடுத்தது பலருக்கு நினைவிருக்கும்.

என் தம்பி ஒரு முறை இப்படி மாட்டிக்கொண்டான். பழைய பைக்கின் தகட்டில், எண்ணுக்குக் கீழே போர் விமானம் ஒன்றை ரேடியத்தில் வெட்டி ஒட்டியிருந்தான். கிண்டி பக்கம் நிறுத்தினார்கள். “படம் அழகாத்தான் இருக்கு தம்பி, ஆனா நம்பர்ல ஏழு எது, இறக்கை எதுன்னு கேமராவுக்குத் தெரியாதே” என்றார் அந்தக் காவலர். சலானையும் எழுதினார். அவர் சொன்னது நியாயம்.

நம் தகட்டில் படம் இல்லை என்றாலும் நிறம் பேசுகிறது. வெள்ளை சொந்த வண்டி, மஞ்சள் வாடகை வண்டி. நாமே எடுத்து ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து. மின்சார வண்டிக்குப் பச்சை. தூதரக வண்டிக்கு நீலம். எழுத்தும் பேசும். டி.என். 09 என்றால் கே.கே. நகர், 07 என்றால் திருவான்மியூர், 22 என்றால் மீனம்பாக்கம். எண்ணுக்கு முன்னால் ‘என்’ வந்தால் அரசு பஸ், ‘ஜி’ வந்தால் அரசாங்க வண்டி. பரங்கிமலைப் பக்கம் போகும் ராணுவ வண்டியின் தகட்டில் மேல்நோக்கிய அம்பு ஒன்று இருக்கும். அதுவும் ஒரு படம்தான்.

படம் போடும் ஆசையை நாம் வண்டியின் உடம்பில் தீர்த்துக்கொள்கிறோம். ஆட்டோவின் முதுகில் நடிகரும், ‘பிரசவத்துக்கு இலவசம்’ என்ற வரியும். லாரியின் நெற்றியில் சாமி. தகடு அரசாங்கத்தின் இடம், மற்றதெல்லாம் ஓட்டுபவரின் இடம் என்று ஒரு பங்கீடு தானாகவே நடந்திருக்கிறது.

அரசாங்கத்தின் இடம் என்பது சாதாரண விஷயம் இல்லை. தகட்டில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு அரசு முடிவு செய்தால் அதை ஒவ்வொருவரும் தன் வண்டியில் சுமக்க வேண்டும். 1957-ல் இலங்கையில் வண்டித் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைக் கட்டாயமாக்கினார்கள். தமிழர்கள் அந்த எழுத்தை மாற்றித் தமிழில் எழுதிக்கொண்டு போராடினார்கள், பலர் சிறைக்கும் போனார்கள். ஒரே ஒரு எழுத்து. அதனால் தகட்டில் ஒரு படம் போடுவது எல்லா இடத்திலும் மகிழ்ச்சியான காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோரும் என்னுடையது என்று சொல்லக்கூடிய படமாக அது இருக்க வேண்டும்.

இனி அந்த நீலச் சக்கரம். அது அழகுக்காக வைத்தது இல்லை, போலித் தகட்டைத் தடுக்க வைத்தது. குரோமியப் படலத்தில் 20 மில்லிமீட்டர் சதுர ஹாலோகிராமாகச் சூட்டோடு அழுத்திப் பதிக்கிறார்கள். அதற்குக் கீழே நாட்டின் மூன்றெழுத்துக் குறி நீலத்தில். இடது கீழ்ப்பக்கம் லேசரில் பொறித்த எண், அது ஒவ்வொரு தகட்டுக்கும் தனி. எண்களின் கறுப்புக்குள்ளேயே நாட்டின் பெயர் சாய்வாகத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும், பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பின்தகட்டை மாட்டும் பூட்டு ஒரு முறை போட்டால் கழற்றித் திரும்பப் போட முடியாதது. ஸ்டிக்கர் கடையில் இதைப் போலவே செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், இந்த ஐந்தையும் பார்த்தால் போதும், வேறுபாடு தெரிந்துவிடும்.

போலியைத் தடுக்க வைத்த அடையாளம் ஒரு சக்கரமாக அமைந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. உலகத்து வண்டிகளில் பாதியை ஒன்றாகச் சுருக்கி வரையச் சொன்னால் கடைசியில் சக்கரம்தானே மிஞ்சும்.

எனக்குக் கிடைத்தால் எதை வரைவேன்

தமிழ்நாட்டுக்கு என்று ஒரு படத் தகடு வந்தால் எந்த வண்டியைப் போடுவது? இதை நண்பர்களிடம் கேட்டால் நல்ல சண்டை வரும். பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி கட்டும் ஊர் நாம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது ராயபுரத்திலிருந்து. 1895 முதல் 1953 வரை மெட்ராஸ் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. எண்ணூரில் லாரி, திருவொற்றியூரில் புல்லட். எல்லாவற்றுக்கும் நியாயம் உண்டு.

என் ஓட்டு கட்டுமரத்துக்கு. உலகத்து மொழிகளுக்குத் தமிழ் கொடுத்த வண்டிப் பெயர் அது. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது, ஆனால் சொல் நம் கரையிலிருந்து போனது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவதால் கட்டுமரம். பெயரிலேயே செய்முறை இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் இன்று ஃபைபர் படகுகள்தான் நிறைந்திருக்கின்றன, கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, 340-க்கு 200 மில்லிமீட்டர் அளவில் காகிதம் வெட்டி, எண்களைச் சரியான உயரத்தில் எழுதிவிட்டுக் கட்டுமரத்தை வரைய உட்கார்ந்தேன். பக்கவாட்டில் வரைந்தால் அது ஏறக்குறைய ஒரு கோடு. முனை மட்டும் கொஞ்சம் மேலே வளைந்திருக்கும். எண்களுக்குப் பின்னால் வைத்தால் காணாமல் போகிறது. எண்களுக்குக் கீழே வைத்தால் அடிக்கோடு போட்டதுபோல இருக்கிறது. மூன்று காகிதம் வீணான பிறகு, அந்தச் சின்ன வட்டம் நினைவுக்கு வந்தது, நாற்காலியை மனிதராக்கிய வட்டம். கோட்டின் மேல் துடுப்போடு நிற்கும் ஓர் ஆளை வரைந்தேன். அவர் நிற்கச் சரியான இடமும் இருந்தது. கீழ் வரிசையில் எழுத்துகளுக்கும் நான்கு இலக்க எண்ணுக்கும் நடுவே விட்டிருந்த வெற்றிடத்தில், இரண்டையும் பிரித்துக்கொண்டு அவர் நிற்கிறார். காகிதத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுமரம் என்று தெரிந்தது. எண்ணும் தெரிந்தது.